பெட்டியின் மேல் பழி போடும் முன்

இந்த வாரம் கோட்டைக் கதை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த முறை. மனசில் உறுத்திக்கொண்டிருக்கிற ஒரு விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். அதில் தப்புச் செய்தவன் நான்தான், அதனால் தள்ளிப்போட மனமில்லை.

அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் முப்பது வருஷம் பாடம் எடுத்தவன் நான். வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு இது தெரியும். அப்படிப்பட்டவன் வீட்டு வாசலிலேயே ஒரு கார் நின்றுபோனது, அதன் கோளாறு என்னவென்று தெரியாமல் நான் விழித்தேன் என்பதுதான் கதை.

வீட்டுக்காரிக்குக் கண்ணில் புரை. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் அறுவைக்கு நாள் குறித்துக் கொடுத்து, காலை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடச் சொல்லியிருந்தார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குச் செஞ்சியிலிருந்து கிளம்பினோம். தீவனூர் தாண்டியதும், எந்த அறிகுறியும் இல்லாமல், யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி இன்ஜின் நின்றுவிட்டது. செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. இருட்டு. லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. ஒரு கண் மங்கலாகவும் மறு கண் அதைவிட மங்கலாகவும் தெரிகிற ஒருத்தியைக் கையைப் பிடித்து இறக்கி, ரோட்டோரம் நிற்கவைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். திண்டிவனம் போய், பஸ் மாறி, புதுச்சேரி போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. அன்றைய பட்டியல் முடிந்துவிட்டது என்று மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

காரை இழுத்துக்கொண்டு போய் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஊரும் பேரும் வேண்டாம். ஸ்கேனரை மாட்டினார்கள். பெட்டியோடு பேச முடியவில்லை என்று திரையில் வந்தது. இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கணினிப் பெட்டியைத்தான் சொல்கிறேன், மெக்கானிக்குகள் இசிஎம் என்பார்கள். "இசிஎம் போயிடுச்சு சார். புதுசு போட்டு, புரோகிராம் பண்ணி, 46,000 ஆகும்" என்றார்கள். பென்ஷன்காரனுக்கு 46,000 என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டேன். பெட்டி வர பத்து நாள் ஆகும் என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், மறுநாள் காலை அவர்கள் சாவியைத் திருப்பியதும் கார் தானாகவே ஸ்டார்ட் ஆகிவிட்டது. "இப்ப ஓடும், எப்ப வேணா நிக்கும்" என்று என்னிடம் கொடுத்தனுப்பினார்கள். ஊர் வந்து சேர்ந்தது. வீட்டு வாசலில் மறுபடியும் நின்றது.

திருவண்ணாமலை ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை பார்க்கிற பையன் ஒருவன் இருக்கிறான். என்னிடம் படித்தவன். செய்தி தெரிந்து தானாகவே வந்தான். கையில் ஒரு மல்டிமீட்டர், இரண்டு ஒயர் வைத்த ஒரு 21 வாட் பல்பு. அவ்வளவுதான்.

"இன்னா சார், நீங்களே பெட்டி போச்சுன்னு ஒத்துக்கிட்டீங்களா? அதுக்குக் கரண்ட் போவுதான்னு யாராவது பாத்தாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நம் காலத்து அம்பாசிடரில் கார்புரேட்டர், பாயிண்ட், காயில் இருந்தால் போதும். 1967-ல் ஜெர்மனியில் பாஷ் கம்பெனி ஃபோக்ஸ்வாகன் காருக்கு மின்னணு மூலம் பெட்ரோல் பீய்ச்சும் முறையைக் கொண்டுவந்தது. 1979-ல் பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒரே பெட்டி கவனிக்கிற ஏற்பாடு வந்தது. நம் பக்கம், 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தபோது கார்புரேட்டர் இல்லாத சின்னக் காரைப் பலரும் முதல் தடவையாகப் பார்த்தோம். 2020 ஏப்ரல் முதல் தேதி பி.எஸ்.6 விதி வந்த பிறகு பெரும்பாலான பைக், ஸ்கூட்டருக்குள்ளும் இப்படி ஒரு பெட்டி வந்துவிட்டது. ஆகவே கார் இல்லாதவர்களும் படியுங்கள், உங்கள் பேரன் ஓட்டுகிற ஸ்கூட்டரிலும் இது இருக்கலாம்.

பெட்டி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் சோறு போட்டால்தான் வேலை செய்யும். அதற்குச் சோறு சாதாரணமாக மூன்று வழியில் போகிறது. பேட்டரியிலிருந்து நேராக ஒன்று, சாவி எடுத்தாலும் ஞாபகம் மறக்காமல் இருக்க. சாவி போட்டதும் வருவது ஒன்று, 'எழுந்திரு' என்று சொல்ல. மூன்றாவது, மெயின் ரிலே வழியாக வருகிற பெரிய கரண்ட், வேலை செய்ய. போன கரண்ட் திரும்பி வர எர்த் ஒயர்கள் வேண்டும், பல வண்டிகளில் அவை இரண்டு மூன்று இருக்கும். இதற்கெல்லாம் பிறகு, பெட்டி தானே 5 வோல்ட் தயார் செய்து சென்சார்களுக்கு அனுப்புகிறது. இந்தச் சங்கிலியில் எங்கே கண்ணி விட்டாலும், வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குப் பெட்டி செத்த மாதிரிதான் தெரியும்.

நம் கோட்டையில் கல்யாண மகாலைப் பார்த்திருப்பீர்கள். மேல் மாடிகளுக்குச் சுடுமண் குழாயில் தண்ணீர் ஏற்றினார்கள் என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் மேல் மாடியில் தண்ணீர் வராவிட்டால் மகாலை இடித்துவிட்டு வேறு மகால் கட்டச் சொல்லியிருப்பார்களா? குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்றுதான் பார்த்திருப்பார்கள்.

பையன் செய்தது அதைத்தான். சாவியை மட்டும் போட்டுப் பார்த்தான். நல்ல வண்டியில் சாவி போட்டதும் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அது எரியவே இல்லை. "பாத்தீங்களா சார், முழிப்பே இல்ல" என்றான். இந்த விளக்கைப் பார்க்கக் காசு வேண்டாம், படிப்பு வேண்டாம். வண்டி நின்றால் நீங்களே பார்த்து மெக்கானிக்கிடம் சொல்லலாம். எரிந்தால் ஒரு வழி, எரியாவிட்டால் வேறு வழி. பாதி வேலை குறைந்துவிடும்.

அடுத்தது பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் பாதி காலி. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. போனால் பெட்டி தடுமாறும், சில வண்டிகளில் பாதியிலேயே மறுபடி முதலிலிருந்து தொடங்கும். என் வண்டியில் 12.4, சுற்றும்போது 10.3. குற்றமில்லை.

பிறகு ஃபியூஸ். கழற்றிக் கண்ணால் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்கிறவர்கள் உண்டு. பையன் கழற்றவில்லை. சாவியைப் போட்டு ஃபியூஸின் தலையில் இரண்டு பக்கமும் டெஸ்ட் லேம்ப் வைத்தான். இரண்டு பக்கமும் எரிந்தது. மெயின் ரிலேயை எடுத்து, அதே மாதிரியான ஹாரன் ரிலேயை அதன் இடத்தில் போட்டுப் பார்த்தான். மாற்றமில்லை. இதெல்லாம் பத்து நிமிஷம்.

அப்புறம்தான் பெட்டியின் கப்ளரைக் கழற்றினான். இனிமேல்தான் விஷயம். எர்த் ஒயரில் மீட்டரை வைத்து என்னைப் பார்த்தான். பீப் என்றது. "எர்த் இருக்குப்பா" என்றேன் நான். அவன் சிரித்துக்கொண்டே பேட்டரி பாசிட்டிவிலிருந்து அந்த 21 வாட் பல்பு வழியாக அதே எர்த் ஒயருக்குக் கரண்ட் விட்டான். பல்பு அழுது வடிந்தது. அந்த நேரத்தில் எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மீட்டர் வைத்தால் நாலு வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. இருக்க வேண்டியது 0.1 வோல்ட் அளவுதான்.

ஏன் அப்படி? மல்டிமீட்டர் அனுப்புகிற கரண்ட் மிகச் சொற்பம். நூறு இழை ஒயரில் ஒரே இழை மிச்சம் இருந்தாலும் மீட்டருக்கு அது முழு ஒயர்தான். மூன்று ஓம் தடை இருந்தாலும் பீப் அடித்துவிடும். ஆனால் அந்த மூன்று ஓம் வழியாக ஒன்றரை ஆம்பியர் ஓடினால் நாலரை வோல்ட் அங்கேயே தின்றுபோகும். ஓம் விதி, பத்தாம் வகுப்புப் பாடம். ஊர்த் தெருவில் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதலில் சீறிக்கொண்டு வந்து, குடம் வைத்ததும் நூலாகி நிற்குமே, அது மாதிரி. குடம் வைத்துப் பார்க்காமல் குழாய் நல்லது என்று சொல்லக் கூடாது.

இன்னொரு தப்பும் சாதாரணமாக நடக்கிறது. பெட்டிக்கு வருகிற பாசிட்டிவை, கையருகே இருக்கிற ஏதோ ஒரு பாடி போல்ட்டை எர்த்தாக வைத்து அளக்கிறார்கள். பன்னிரண்டு காட்டும். ஆனால் பெட்டி அந்த போல்ட்டை நம்பி இல்லை, தன் எர்த் ஒயரை நம்பி இருக்கிறது. பெட்டியின் பாசிட்டிவுக்கும் பெட்டியின் எர்த்துக்கும் நடுவில்தான் அளக்க வேண்டும். ஸ்கேனர் பளிச்சென்று எரிகிறதே, அப்போது கரண்ட் இருக்கிறது என்று நினைப்பதும் அப்படியே. ஸ்கேனர் மாட்டுகிற கப்ளருக்குப் பேட்டரியிலிருந்து தனியாகக் கரண்ட் வருகிறது. பெட்டி பட்டினி கிடந்தாலும் ஸ்கேனர் எரியும். 'பேச முடியவில்லை' என்று அது சொன்னால் பேச முடியவில்லை என்றுதான் அர்த்தம், எதிராளி செத்துவிட்டான் என்று அர்த்தமில்லை.

எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனான். பேட்டரித் தட்டுக்கு அடியில் ஒரு போல்ட். பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு, அடியில் துரு. சூடு ஏறினாலும் வண்டி ஆடினாலும் தொடர்பு விடும், ஆறினால் ஒட்டும். மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப்பில் தானாக ஸ்டார்ட் ஆன ரகசியம் அதுதான். களிம்பு எப்படி வந்தது? பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டரை அளவுக்கோட்டுக்கு மேல் ஊற்றியது நான். ஆசிட் பொங்கி வழிந்து அந்த போல்ட்டைத் தின்றிருக்கிறது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, ஒயர் முனையை மாற்றி, முறுக்கி, மேலே கிரீஸ் தடவினான். சாவி போட்டதும் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி முதல் சுற்றிலேயே ஸ்டார்ட். அன்றிலிருந்து இன்றுவரை நிற்கவில்லை. மூன்று வாரம் கழித்து அதே காரில்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணைச் சரிசெய்துகொண்டு வந்தோம்.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன். வேலை முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. "எவ்வளவுப்பா?" என்றேன். "பாத்துக் குடுங்க சார்" என்றான். ஒரு ஒயர் முனை, ஒரு துண்டு உப்புத்தாள். மனசுக்குள் கணக்குப் போட்டு 200 ரூபாய் கொடுத்தேன். கூடுதலாகவே கொடுத்த திருப்தி வேறு. அவன் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

கொஞ்ச நாள் கழித்துக் கொட்டகைப் பக்கம் போனபோது, கடையை மூடிவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னான். ஏன் என்று கேட்டேன். "பெட்டியை மாத்திட்டேன், பம்ப்பை மாத்திட்டேன்னா கேக்கறதைக் குடுக்கறாங்க சார். எர்த்துதான் கெட்டுச்சுன்னு சொன்னா, 'அவ்ளோதானா'ன்னு நூறு ரூவா குடுக்கறாங்க. அதுல யாரைக் கொற சொல்றது?" என்றான். என்னைக் குறை சொல்லவில்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

பெரிய ஒர்க்‌ஷாப்பைத் திட்டிவிட்டு இந்தக் கட்டுரையை முடித்திருக்கலாம். சுலபம். ஆனால் நியாயமாகப் பார்த்தால், அங்கே இருக்கிற பையன்களுக்கும் ஒரு வண்டிக்கு இவ்வளவு நேரம் என்று கணக்கு இருக்கிறது. ஒளிந்து விளையாடுகிற கோளாறைத் தேட மூன்று மணி நேரம் ஆனால் அந்த மூன்று மணி நேரத்துக்கு வாடிக்கையாளர் பணம் தருவாரா? மாட்டார். பெட்டி மாற்றினால் தருவார். நாம் எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதுதான் நமக்குக் கிடைக்கும். டாக்டரிடம் போனால் பார்த்துச் சொன்னதற்கே ஃபீஸ் கொடுக்கிறோம். 'உங்களுக்கு ஒன்றுமில்லை, இரண்டு நாள் கஞ்சி குடியுங்கள்' என்றால் சந்தோஷமாகக் கொடுக்கிறோம். மெக்கானிக் அப்படிச் சொன்னால் மட்டும் ஏன் 'அவ்வளவுதானா' என்கிறோம்?

பெட்டி கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் புகுந்தால் கெடும், பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் கெடும். நம் தலைமுறைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: டைனமோ சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது. அம்பாசிடரில் தப்பித்தோம். இன்றைய வண்டியில் அந்த நொடியில் வோல்ட் தாறுமாறாக ஏறி, நல்ல பெட்டியை நாமே கொன்றுவிடுவோம். தயவுசெய்து செய்யாதீர்கள், யாரையும் செய்ய விடாதீர்கள். அதே போல, 5 வோல்ட் போகிற சென்சார் ஒயரில் பல்பை வைக்கக் கூடாது. அங்கே மீட்டர் மட்டும்தான். அந்த 5 வோல்ட் காணாமல் போனாலும் உடனே பெட்டியைப் பழிக்க வேண்டாம். சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது 5 திரும்பி வருகிறதோ, அந்த சென்சாரில்தான் ஷார்ட். எதைக் கழற்றியும் வராவிட்டால் ஒயரையும் பார்க்க வேண்டும். கழனி நடுவில் இருக்கிற நம் ஊரில் எலி கடித்த ஒயருக்குப் பஞ்சமில்லை.

கரண்ட் வருகிறது, எர்த் பாரம் தாங்குகிறது, ஒயர் நன்றாக இருக்கிறது, அப்படியும் பெட்டி வாய் திறக்கவில்லை என்றால் அது போய்விட்டது என்று சொல்லலாம். அதற்கு முன்னால் சொல்வது தீர்ப்பு அல்ல, ஊகம். ஊகத்துக்கு 46,000 கொடுக்கக் கூடாது. 'பாசிட்டிவும் எர்த்தும் லோடு போட்டுப் பார்த்தீர்களா? எத்தனை வோல்ட் இருந்தது? பில்லில் எழுதிக்கொடுங்கள்' என்று கேளுங்கள். கூடவே, அதைப் பார்ப்பதற்குத் தனியாகக் கூலி தருகிறேன் என்றும் சொல்லுங்கள். முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு இரண்டாவது பாதியை விட்டால் நாமும் நியாயஸ்தர்கள் இல்லை.

2025 ஜூலையில் நம் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. வெளியூர்க் கார்கள் கூடத்தான் வருகின்றன. அதில் ஒன்று ராஜகிரி அடிவாரத்தில் நின்றுபோனால், பெட்டியை மாற்றச் சொல்லாமல் போல்ட்டைத் தேடுகிற ஒரு பையன் இந்த ஊரில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

போன வாரம் கொட்டகைக்குப் போய் 1,500 ரூபாயை நீட்டினேன். "எதுக்கு சார்?" என்றான். சொன்னேன். வேண்டாம் என்றான். "டேய், நான் தர்மம் பண்ணலை. பில் போடு" என்றேன். பில் புத்தகத்தைத் தேடி எடுத்துத் தூசி தட்டினான். என்ன எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தான். அந்தப் புத்தகத்தில் இதுவரை சாமான் பெயரைத்தான் எழுதியிருக்கிறான். 'பழுது கண்டுபிடித்த கூலி' என்று எழுதச் சொன்னேன். எழுதினான்.

கம்பெனி வேலைக்குப் போகிறானா, இருக்கிறானா என்று நான் கேட்கவில்லை. அது என் ஒருவன் கையில் இல்லை. இந்த ஊரில் வண்டி வைத்திருக்கிற எல்லார் கையிலும் இருக்கிறது.